கிதார்க்காரரைத் தட்டிப் பார்த்தவர்

எதிலும் திருப்தியடையாத மனிதர்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் எங்கள் 'ரிஜெக்ட்' அண்ணனைப் போல இன்னொருவரை ஆண்டவன் செய்திருக்க மாட்டான். செய்திருந்தால், இவரே அந்த ஆளைத் தட்டிப் பார்த்து, "சத்தம் சரியில்ல" என்று மேலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி வடக்குத்துப் பக்கம் போகிற சாலையில்தான் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுரங்கத்தில் நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் ஓயாமல் உருண்டுகொண்டிருக்குமே ரோலர், அதைச் செய்து கொடுக்கிற ஒரு தகரக் கொட்டகை. மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். முதலாளி பண்ருட்டி முந்திரி வியாபாரக் குடும்பத்திலிருந்து இரும்புக்குத் தாவியவர். நான் பர்ச்சேஸ் செக்‌ஷன். அதாவது, யாரோ கேட்கிற பொருளுக்கு யாருக்கோ ஆர்டர் டைப் அடித்து அனுப்புகிறவன்.

ரிஜெக்ட் அண்ணன் ஸ்டோர்ஸில் இன்ஸ்பெக்டர். வெளியிலிருந்து வருகிற பேரிங், பைப், வார்ப்பு எதுவானாலும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வாசலைத் தாண்டும். பிடிக்கவில்லை என்றால் சிவப்புப் பெயின்டில் ஒரு பட்டை இழுப்பார். அந்தப் பட்டை விழுந்த பொருளை முதலாளியே வந்து கெஞ்சினாலும் உள்ளே விடமாட்டார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது.

அவருடைய ஆயுதங்கள் இரண்டு. ஒன்று, பித்தளைத் தலை வைத்த ஒரு சின்னச் சுத்தியல். வார்ப்பு இரும்பை அதால் ஒரு தட்டுத் தட்டுவார். நல்ல வார்ப்பு கணீரென்று பேசும். கெட்டது தொண்டை கட்டினாற்போலச் சத்தம் கொடுக்கும். இன்னொன்று, நீளமான ஸ்க்ரூ டிரைவர். ஓடுகிற பேரிங்கின் மேல் அதன் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாயை வைக்கிற அதே முகம்.

ஒரு தடவை லாரி நிறைய வார்ப்பு வந்து இறங்கியது. பார்க்கப் பளபளவென்று இருந்தது. அண்ணன் நாலைத் தட்டினார். லாரி மொத்தத்தையும் திருப்பச் சொல்லிவிட்டார். கொண்டுவந்தவன் ஒரு குதி குதித்தான்.

"என்னாங்க இது அநியாயம்! கண்ணுக்கு ஒரு கொறையும் தெரியல, சத்தத்த வச்சிக்கினு திருப்புறீங்களே?"

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதான்டா தட்டறேன்" என்றார் அண்ணன்.

முதலாளி முன்னிலையில் ஒன்றை அறுத்துப் பார்த்தோம். உள்ளே கோலிக்குண்டு அளவுக்கு ஒரு பொத்தல். வார்க்கும்போது காற்று மாட்டிக்கொண்டால் இப்படி ஆகும். தொழிலில் இதை ப்ளோ ஹோல் என்போம். பொத்தலின் வாயில் பட்டி பூசி, மேலே அழகாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து அவர் தட்டுவதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆனால் இந்தத் தட்டல் கம்பெனியோடு நிற்கவில்லை. டீக்கடையில் மசால்வடையைக் கண்ணாடிக் கிளாஸின் விளிம்பில் தட்டி, "உள்ள வேவலப்பா" என்று தட்டிலேயே வைத்துவிடுவார். வடக்குத்தில் வீடு கட்டியபோது செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டினார். இரண்டு சூளைக்காரர்கள் அவரைக் கண்டாலே வேறு தெருவில் போக ஆரம்பித்தார்கள். அந்த வீடு எழும்புவதற்குள் பக்கத்து மனையில் கட்டின வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்துவிட்டார்கள்.

பலாப்பழ சீசனில் அவரோடு பண்ருட்டிக்குப் போவது போல ஒரு தண்டனை கிடையாது. பலாவை எல்லாரும்தான் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். இவர் ஒரு மண்டியில் கிடக்கிற அத்தனை பழத்தையும் தட்டுவார். கடைசியில் ஒரு பெரியவர் கும்பிட்டே விட்டார்.

"ஐயா, வேணும்னா ஒரு பழத்த சும்மாவே எடுத்துக்கினு போங்க. நீங்க தட்டிட்டு வச்சிட்டுப் போற பழத்த இங்க வேற எவனும் வாங்க மாட்டங்கிறான்!"

இவை தவிர அண்ணனுக்கு வேறு சில சட்டங்களும் இருந்தன. போனில் எதுவும் பேசமாட்டார். "போன்ல சொன்னா ரெக்கார்டு இல்ல. எழுதிக் குடுங்க" என்பார். சாலையில் அவரோடு நடந்தால் நம்மைத் தோளைப் பிடித்துத் தன் வலப்பக்கத்துக்குத் தள்ளிவிடுவார். இடப்பக்கம் நடப்பது மரியாதைக் குறைவு என்று அவர் நினைப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். பேசும்போது கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பார். குரல் வேறு வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போயிற்று. அவர் ஸ்டோர்ஸில் குட் மார்னிங் சொன்னால் வாட்ச்மேன் கேட்டிலிருந்து பதில் சொல்வார். கடைசி ஓரிரண்டு வருடமாக அந்த ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் காதில் வைக்காமல் தாடை எலும்பில் வைத்து அழுத்திக்கொள்ள ஆரம்பித்திருந்தார். வயதாக வயதாக ஸ்டைல் கூடுகிறது என்று கேலி பேசினோம். கேலி பேசியவர்களில் முதல் ஆள் நான்.

இப்போது என் புத்தகத்துக்கு வருகிறேன்.

என் ஐம்பத்தோராவது வயதில் நான் ஒரு புத்தகம் எழுதினேன். உலகப் புகழ் பெற்ற ஒரு ராக் கிதார் கலைஞரின் வாழ்க்கை வரலாறு. பெயர் வேண்டாம், அவருடைய ரசிகர்கள் என் விலாசத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கிதார்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் துறைமுக ஊரிலோ பிறந்து, சுருட்டுப் பெட்டியில் கம்பி கட்டி வாசித்துப் பழகி, மைதானம் மைதானமாக ஜனங்களைக் கட்டிப்போட்டவர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் ஊரைப் பார்த்ததில்லை. கிதாரில் எந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவர் வாசிப்பைப் பதினேழு வயதில் ஒரு கேசட்டில் கேட்டேன், அவ்வளவுதான். அந்தப் பித்து அன்றிலிருந்து தெளியவில்லை. செல்போனில் வீடியோக்களைப் பார்த்தும், பழைய ஆங்கிலப் பத்திரிகைப் பேட்டிகளைத் தேடிப் படித்தும் நாலு வருடம் எழுதினேன்.

கடலூரில் ஒரு பதிப்பாளர் முந்நூறு பிரதி போட்டார். போட்டுவிட்டுப் பயந்துபோனார். "தமிழ்ல கிதார் புத்தகத்த யாரு சார் வாங்குவாங்க?" என்று கேட்டார். முதலாளிதான் காப்பாற்றினார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தொழிலாளிகளுக்குப் பொரி, ஸ்வீட் பாக்ஸோடு ஓர் எவர்சில்வர் டப்பா தருவது எங்கள் கம்பெனி வழக்கம்.

"இந்த வருஷம் டப்பாவுக்குப் பதிலா உன் புத்தகத்தக் குடுத்துருவோம்ப்பா. நம்ம ஆளு எழுதினது. அறுபது வாங்கிடு" என்றார்.

பதிப்பாளர் சந்தோஷத்தில், இந்த அறுபதும் ஒழுங்காகப் போனால் என் அடுத்த புத்தகத்தையும் போடுவதாகச் சொன்னார். திரும்பி வந்தால் இனிமேல் என் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த புத்தகத்துக்கு என்னிடம் நாற்பது பக்கம் தயாராக இருந்தது.

இங்கேதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். யாரையாவது கடலூருக்கு அனுப்பி ஒரு மூட்டையாக வாங்கிவந்திருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடமாகப் போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஆர்டர் அடித்த விரல்கள் இவை. என் புத்தகத்தின் பெயரையும் ஓர் ஆர்டரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முறையாக நம்பர் போட்டு, 'அறுபது எண்ணம், மாதிரிக்கு ஏற்ப' என்று டைப் அடித்து, முதலாளியிடம் கையெழுத்தும் வாங்கி அனுப்பினேன். அந்தக் காகிதத்தின் ஒரு நகலை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டினேன். "இதுக்குமா நம்பர் போடுவீங்க?" என்றாள்.

நம்பர் போட்டு ஆர்டர் கொடுத்த எந்தப் பொருளும் எங்கள் கம்பெனிக்குள் நேராக வந்துவிட முடியாது. ஸ்டோர்ஸில் இறங்க வேண்டும். ரிஜெக்ட் அண்ணன் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் கிதார்க்காரர் இரண்டு அட்டைப் பெட்டியில், ஒரு பேரிங் பெட்டிக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தார்.

முதல் நாள் அண்ணன் ஐந்து பிரதிகளை எடுத்து வெர்னியரில் கனம் பார்த்தார். தராசில் நிறுத்தார். ஒன்றை இருநூறு தடவை திறந்து மூடினார். பைண்டிங் தாங்கியது. "பாஸா அண்ணே?" என்று கேட்டேன்.

"இது டைமென்ஷன்தான ரைட்டரே. இன்னும் வேல செஞ்சி பாக்கலியே. பம்பு வந்தா தண்ணி எறைச்சிப் பாக்கறோம். புத்தகம் வந்தா படிச்சிதான பாக்கணும்?"

சரி, படிக்கட்டும் என்று வந்துவிட்டேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டிராயிங் எங்க?"

"என்ன டிராயிங்?"

"எந்த ஜாப் வந்தாலும் கூட ஒரு டிராயிங் வரும். அதுல இருக்கற மாதிரி இது இருக்குதான்னு பாத்துதான் கையெழுத்துப் போடுவேன். இதுக்கு டிராயிங் எது?"

"அண்ணே, இது ஒரு மனுஷனோட வாழ்க்கை."

"அப்ப அந்தாளு வாழ்ந்தது டிராயிங். நீ எழுதனது ஜாப். ரெண்டும் ஒத்துப்போவுதான்னு பாத்தா போதும், இல்ல?"

வாழ்க்கை வரலாற்றை எப்படி மதிப்பிடுவது என்று பெரிய பெரிய கட்டுரைகள் படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அப்போது அது எனக்கு ரசிக்கவில்லை.

அதன் பிறகு தினமும் ஒரு சீட்டு வந்தது. எழுத்தில்தான், அவர் சட்டப்படி. 'பக்கம் 112: நாலு லட்சம் பேர் மூச்சு விடாமல் கேட்டார்கள் என்று உள்ளது. எவ்வளவு நேரம்? ஆம்புலன்ஸ் விவரம் இல்லை.' இன்னொரு நாள்: 'கிதார் அழுதது என்று பதினோரு இடத்தில் வருகிறது. பதினொன்றும் ஒரே அழுகையா, வேறு வேறா? வேறு என்றால் அடையாளம் குறிக்கவும்.' எனக்குப் பதில் எழுதி மாளவில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில், 'பயிற்சியில் அவர் விரல்களிலிருந்து ரத்தம் சொட்டிக் கம்பிகள் சிவந்தன' என்று எழுதியிருந்தேன். எனக்கு மிகவும் பிடித்த வரி. அண்ணன் எங்கள் வெல்டர் அந்தோணியைப் பிடித்தார். அந்தோணி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிக்கிறவன். அவனுடைய கிதார் ஸ்டோர்ஸுக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் கிதார்க் கழுத்துமாக, ஒரு வாரம் அண்ணன் கம்பியை அழுத்திக்கொண்டே இருந்தார். வாசிக்கவில்லை. சும்மா அழுத்தினார். அந்தோணி என்னிடம் வந்து அழாத குறையாகச் சொன்னான்.

"சார், ஒரு டியூன் சொல்லித் தரேன்னு சொன்னேன். 'டியூனு ஒன்னும் வாணாம், ரத்தம் வருதான்னு பாக்கறேன்'ங்கறாரு. எனக்கு பயமா இருக்கு சார்."

எட்டாம் நாள் அண்ணன் நாலு விரலையும் என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்துக்க. ரத்தம் வரல. காய்ப்புதான் காச்சிருக்குது. பக்கம் நாப்பத்தொண்ணு தப்பு."

"அது வர்ணனை அண்ணே!"

"சரி. வர்ணனைக்கு எவ்ளோ டாலரன்ஸ்? எவ்ளோ கூடலாம், எவ்ளோ கொறையலாம்? அதச் சொல்லு, நான் வுட்டுடறேன்."

அந்த அளவு எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எழுதுகிற ஒவ்வொரு 'ரத்தம்' என்ற சொல்லுக்கும் முன்னால் அந்த நாலு விரல்கள் வந்து நிற்கின்றன.

ஆயுத பூஜைக்கு மூன்று நாள் இருந்தது. பொரி மூட்டை வந்துவிட்டது. டப்பா கிடையாது, புத்தகம்தான் என்கிற செய்தி கசிந்து கொட்டகையில் ஏற்கெனவே முணுமுணுப்பு. இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் மட்டும் வரவில்லை. நான் பொறுமை இழந்து மத்தியானம் ஸ்டோர்ஸுக்குள் போனேன். அண்ணன் தனியாக இருந்தார். மேசை மேல் என் புத்தகம் ஒன்பதாம் அத்தியாயத்தில் திறந்து கிடந்தது. பக்கத்தில் சுத்தியல்.

"ஒக்காரு" என்றார். வலப்பக்கத்து ஸ்டூலைக் காட்டினார்.

ஒன்பதாம் அத்தியாயம் கிதார்க்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்ட ஆறு வருடங்களைப் பற்றியது. புகழின் உச்சியில் திடீரென்று மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஏன் என்பதற்கு நான், 'மேதைகளின் மௌனத்தை மானிடர் அளக்க முடியுமா?' என்று ஆரம்பித்து இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தேன். நிலா, கடல், தவம் எல்லாம் வரும்.

அண்ணன் அந்தப் பக்கத்தை விரல் கணுவால் தட்டினார். "இங்க ப்ளோ ஹோல் இருக்குது. மேல பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சிருக்க."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"அந்தாளுக்குக் காது போயிடிச்சி. நீ அத எழுதல."

அது உண்மைதான். கிதார்க்காரரோடு டிரம்ஸ் வாசித்தவர் ஒரு பேட்டியில் ஒரே ஒரு வரியில் அதைச் சொல்லியிருந்தார். நான் படித்தேன். படித்துவிட்டு மூடிவைத்துவிட்டேன். காது கேட்காத கிதார்க்காரர் என்று எழுதினால், பதினேழு வயதிலிருந்து நான் தூக்கிச் சுமந்த ஆள் உடைந்துவிடுவாரோ என்று பயம். அவருக்காக அல்ல, எனக்காகத்தான் பயந்தேன்.

"உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்? புத்தகத்துல அது எங்கயும் இல்லையே."

"எல்லாம் இருக்குது. நீயே எழுதியிருக்க, ஒனக்குத்தான் தெரியல." பக்கங்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். "மேடைல எடம் மாத்திக்கினு, டிரம்ஸ்காரன் எப்பவும் தனக்கு ஒரே பக்கமா இருக்கற மாதிரி நின்னாருன்னு எழுதியிருக்க. அது கர்வம்னு போட்டிருக்க. சத்தத்தக் கூட்டு, கூட்டுன்னு எல்லாரு கிட்டயும் சண்ட போட்டாருன்னு எழுதியிருக்க. அது கோவம்னு போட்டிருக்க. பேட்டிக்கு வந்தவன் கிட்ட கேள்விய எழுதிக் குடுன்னு சொன்னாரு. அது திமிருன்னு போட்டிருக்க. கடசில, கிதாரு ஒடம்பு மேல தாடைய வச்சி அழுத்திக்கினு வாசிச்சாரு. அதக் காதல்னு போட்டிருக்க."

புத்தகத்தை மூடினார்.

"அது காதல் இல்ல ரைட்டரே. எலும்பு வழியா கேக்கும். காது போனாலும் தாடைல வச்சா கேக்கும்."

அப்போதுதான் மேசை மேல் இருந்த அந்த நீளமான ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தேன். போனை எடுக்காத மனிதர். எழுதிக் குடு என்கிற மனிதர். எல்லாரையும் வலப்பக்கம் தள்ளுகிற மனிதர். பத்து வருடமாக நாங்கள் சிரித்த அத்தனையும் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தாங்க முடியாத துக்கமாக இருந்தது.

"எப்பலேர்ந்து அண்ணே?"

"எடது காது அஞ்சி வருஷமா சுத்தமா இல்ல. வலது காதும் போய்க்கினுதான் இருக்குது. யாருக்கும் சொல்லல. வூட்லகூடத் தெரியாது. தட்டிப் பாத்து சொல்றவனுக்குக் காது கேக்காதுன்னா எவன்டா சம்பளம் குடுப்பான்? நீ வெளிய சொல்லிடாத. இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் இருக்கணும்!"

இதை அவர் ரகசியமாகத்தான் சொன்னார். அதாவது, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்ன சத்தத்தில் வெளியே வெல்டிங் நின்றது. லேத் நின்றது. கிரைண்டிங் நின்றது. கொட்டகை முழுக்க ஐம்பது பேர் அப்படியே நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அண்ணனுக்கு முதுகுப் பக்கம் ஜன்னல். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அமைதியும் அவருக்குக் கேட்கவில்லை.

அந்தோணி வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்தான். யாரும் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவன் திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் வெல்டிங் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாச் சத்தங்களும் வந்தன.

"ரிஜெக்டா அண்ணே?" என்று கேட்டேன். அந்த நிமிடம் நிஜமாகவே அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. திருப்பி அனுப்பினாலும் சரி என்றே தோன்றியது.

அவர் சிவப்புப் பெயின்ட் டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தள்ளி வைத்தார். "பொத்தல் இருக்கற ஜாப்ப எல்லாம் எறிஞ்சிட முடியாது. பட்டியச் சொரண்டி எடுத்துட்டு ஒழுங்கா வெல்ட் வச்சி அடைக்கலாம். ரீவொர்க். மூணு நாள் இருக்குது. செய்யறியா?"

"எனக்கு அது எப்படி இருக்கும்னு தெரியாதே அண்ணே. காது கேக்காம போறது."

"எனக்குத் தெரியும்ல? நான் சொல்றேன், நீ எழுது."

அவர் சொன்னார். சத்தம் ஒரேயடியாகப் போகாது. முதலில் மெல்லிய சத்தங்கள்தான் சொல்லிக்கொள்ளாமல் போகும் என்றார். கொசு, குக்கர் ஆவி, பேத்தி முணுமுணுப்பது. வீட்டில் எல்லாரும் சிரிக்கும்போது தானும் அரை நொடி தாமதித்துச் சிரிப்பதைச் சொன்னார். தட்டுகிற ஒவ்வொரு தடவையும், இன்றைக்குக் கேட்குமா என்ற பயத்தோடுதான் சுத்தியலை ஓங்குவதாகச் சொன்னார். "அந்தாளு ஆறு வருஷம் சும்மா ஒக்காந்திருக்க மாட்டாரு. கையால கேக்கக் கத்துக்கினு இருந்திருப்பாரு" என்றார். நான் நிலாவையும் கடலையும் தூக்கிப்போட்டுவிட்டு டிரம்ஸ்காரர் சொன்னதை எழுதினேன். அண்ணன் சொன்னவற்றை, காது போன ஒரு தொழிலாளி சொன்னது என்று பெயர் போடாமல் அதன் கீழே எழுதினேன். மொத்தம் இரண்டு பக்கம்.

டவுன்ஷிப்பில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தோம். லேபிள் ஒட்டுகிற கோந்தை வைத்து ஒன்பதாம் அத்தியாயத்தின் மேல் ஒட்டினோம். முதலில் ஒட்ட உட்கார்ந்தது நானும் அண்ணனும்தான். அரை மணி நேரத்தில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். டப்பா கிடைக்காத கோபத்தில் இருந்தவர்களும் அதில் அடக்கம். எல்லாரும் அண்ணனுக்கு வலப்பக்கமாகவே உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. அவர் அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஆயுத பூஜையன்று சாமி படத்துக்கு முன்னால் லேத் டூல், வெல்டிங் ஹோல்டர், வெர்னியரோடு புத்தகங்களையும் அடுக்கினார்கள். அந்தோணிதான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் தன் சுத்தியலுக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு வைத்தார். கை அப்படியே நகர்ந்து மேலே இருந்த புத்தகத்துக்கும் ஒரு பொட்டு வைத்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். 'வந்தது 60. ரீவொர்க் செய்தது 60. ஏற்றது 59. மாதிரிக்காக இன்ஸ்பெக்டர் வைத்துக்கொண்டது 1.' இத்தனை வருடத்தில் எந்தப் பொருளிலும் அவர் தனக்கென்று மாதிரி எடுத்ததில்லை. பர்ச்சேஸ் செக்‌ஷனில் உட்கார்ந்திருந்தவன் நான். அது எனக்குத் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொரி கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அறுபதும் திரும்பாததோடு மீதிப் பிரதிகளும் மெல்ல விற்றுப்போக, பதிப்பாளர் இரண்டாம் பதிப்பில் அந்த இரண்டு பக்கத்தையும் முறையாகச் சேர்த்துவிட்டார். எனக்கு வருகிற கடிதங்கள் சொற்பம். அவற்றில் பாதி அந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான். அவை நான் எழுதியவை இல்லை என்று எல்லாருக்கும் பதில் போடுகிறேன்.

பொங்கல் கழிந்து அண்ணன் தானே முதலாளியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். முதலாளி, "தெரியும்ப்பா. அன்னிக்கு நானும் ஆபீஸ் மாடியிலதான் இருந்தேன்" என்றார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிர்வைப் பார்த்துச் சொல்லும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அது ஸ்டோர்ஸில் வந்து இறங்கியது. அண்ணன் தட்டிப் பார்த்தார். திருப்பி அனுப்பிவிட்டார். காது மெஷினும் இதுவரை இரண்டு திரும்பிப் போயிருக்கிறது. மூன்றாவதுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன், நம்பரோடு. இந்தக் கட்டுரையை அவரிடம் காட்டித்தான் அனுப்புகிறேன். ஆறு இடத்தில் திருத்தம் சொன்னார்.

சாயங்காலம் கம்பெனி விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் டீக்கடைக்கு நடக்கிறோம். அவர் இப்போதெல்லாம் என் தோளைப் பிடித்துத் தள்ளுவதில்லை. கேட்டைத் தாண்டும்போதே நான் வலப்பக்கம் போய்விடுகிறேன்.